குற்றாலத்தில் இருந்த மனிதர் வீட்டில் எங்கே?

தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்தில் இறங்கிவிட்டது என்று செய்தி வந்ததும் தென்காசிப் பக்கத்து மக்கள் மேற்கே மலையைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். அந்தக் காற்று வீசும் மாதங்களில் மேற்குத் தொடர்ச்சி மலை மழை மேகங்களைக் கேரளப் பக்கத்திலேயே பெரும்பாலும் நிறுத்திவிடுகிறது. தமிழகத்தின் பெரும்பகுதிக்கு வந்து சேர்வது ஈரம் இழந்த காற்றுதான். ஆனால் செங்கோட்டைக்கு மேற்கே, ஆரியங்காவுக் கணவாயில் மலை தாழ்கிறது. அந்தத் தாழ்வு வழியாக ஈரக்காற்று இந்தப் பக்கம் புகுந்து குற்றாலம், இலஞ்சி, மேலகரம், தென்காசி என்று ஊர் ஊராகத் தூவிக்கொண்டே போகிறது. வெயிலும் அடிக்கும், தூறலும் விழும். குடை பிடித்தாலும் நனைவோம், பிடிக்காவிட்டாலும் பெரிதாக நனைய மாட்டோம். இதுதான் சாரல். மலைமேல் பெய்கிற கனமழை சிற்றாற்றில் சேர்ந்து பேரருவியாகக் கொட்டுகிறது. பாதி வழியில் பொங்குமாகடல் என்னும் ஆழமான பாறைக்குழியில் விழுந்து, வேகம் தணிந்து, அதன்பிறகே மனிதர் தலையில் விழுகிறது. அந்தக் குழி இல்லையென்றால் பேரருவியின் கீழே நின்று குளிக்கவே முடியாது.

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே இருக்கிறது மேலகரம். சீசன் தொடங்கியதும் மதுரை, விருதுநகர், தூத்துக்குடி, சென்னை என்று பல ஊர் வண்டிகளை இந்தச் சாலையில் பார்க்கலாம். விடுதிகளிலும் வாடகை வீடுகளிலும் குடும்பம் குடும்பமாக வந்து தங்குகிறார்கள். வந்த அன்று அப்பா ஒரு கையில் போனும் மறுகையில் பையுமாக நிற்பார். மூன்றாம் நாள் காலையில் அதே மனிதர், திண்ணையில் மகளுக்குத் தலை துவட்டிவிட்டுக்கொண்டு, அவள் சொல்லும் முடிவில்லாத கதைக்கு "அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டிருப்பார். அம்மாவின் முகத்திலும் ஒரு தளர்வு தெரியும். "குத்தாலத்துக்குப் போயிட்டு வந்தா மனசே லேசாயிருது" என்று வருகிறவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். அது உண்மைதான். ஆனால் மனம் லேசாவதற்கான காரணமாக அவர்கள் சொல்வதும், அறிவியல் சொல்வதும் வேறு வேறு. காரணம் சரியாகப் புரிந்தால்தான் அந்த அப்பாவை வீட்டுக்கும் அழைத்துக்கொண்டு போக முடியும்.

வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் மூலிகை. மலைமேல் இருக்கிற பச்சிலைகளின் சாறு தண்ணீரில் கலந்து வருகிறது, அது உடலையும் மனதையும் குணப்படுத்துகிறது என்பார்கள். குற்றாலத்துக் காட்டில் மூலிகைகள் இருப்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் விநாடிக்கு விநாடி கொட்டிக்கொண்டே இருக்கும் அத்தனை தண்ணீரில் எந்தச் சாறும் கரைந்து காணாமல் போகும். சில நிமிடக் குளியலில் தோல் வழியாக மருந்தின் அளவுக்கு அது உள்ளே போகாது. கொஞ்சம் படித்தவர்கள் சொல்லும் காரணம் வேறு: எதிர்மின் அயனிகள். இதற்கு ஒரு நல்ல அறிவியல் தொடக்கம் உண்டு. ஜெர்மானிய இயற்பியலாளர் பிலிப் லெனார்ட், நீர்த்துளிகள் பாறையில் மோதிச் சிதறும்போது காற்றில் மின்னேற்றம் உண்டாவதை 1892இல் விளக்கினார். சிதறலின் மிக நுண்ணிய திவலைகள் எதிர்மின்னூட்டம் பெற்றுக் காற்றில் மிதக்கின்றன. அருவிக்கரையில் இது நிச்சயமாக நடக்கிறது. ஆனால் அந்த அயனிகள் மனநிலையை மாற்றுகின்றனவா? 1957 முதல் 2012 வரை வெளிவந்த 33 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு கட்டுரை 2013இல் வந்தது. பதற்றம், மனநிலை, தளர்வு, தூக்கம் ஆகியவற்றில் அயனிகளால் உறுதியான பயன் எதுவும் தென்படவில்லை. கருவிகள் மூலம் மிக அடர்த்தியாக அயனிகளைச் செலுத்தியபோது மட்டும் மனச்சோர்வு நோயாளிகளிடம் ஓரளவு மாற்றம் தெரிந்தது. அருவியின் சுகத்துக்கு அயனிதான் காரணம் என்று சொல்ல இது போதாது.

விளக்கம் வேறு இடத்தில் இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890இல் வெளியிட்ட உளவியல் பெருநூலில் கவனத்தை இரண்டாகப் பிரித்தார். ஒன்று, நாம் முயன்று செலுத்துவது. கணக்கு எழுதுவது, வண்டி ஓட்டுவது, அதிகாரி பேசுவதைக் கேட்பது, கடன் தவணையை நினைவில் வைப்பது எல்லாம் இதில் சேரும். மற்றது தானாகப் போவது. மின்னல், மயில், குழந்தையின் சிரிப்பு என்று அது எவர் உத்தரவுக்கும் காத்திருப்பதில்லை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ரேச்சல் கப்லான், ஸ்டீபன் கப்லான் தம்பதி இதன்மேல் ஒரு கொள்கையைக் கட்டி 1989இல் நூலாக வெளியிட்டார்கள். முயன்று செலுத்தும் கவனம் களைத்துப்போகக்கூடியது என்பது அவர்கள் சொன்னது. ஒன்றில் மனதை நிறுத்த வேண்டுமென்றால் மற்ற எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். நாள் முழுக்கத் தள்ளியவருக்கு மாலையில் தள்ளும் தெம்பு இருக்காது. அப்போது எரிச்சல் வரும், மறதி வரும், பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழுந்தும் உள்ளே போகாது. இதைத் தூக்கம் மட்டும் தீர்த்துவிடுவதில்லை. முயற்சியில்லாத கவனத்துக்கு மனதை நெடுநேரம் விட்டுவைத்தால், முயற்சியுள்ள கவனத்துக்கு ஓய்வு கிடைக்கும் என்பது கப்லான்களின் முடிவு. அதற்கு நான்கு நிபந்தனைகளும் சொன்னார்கள். வழக்கமான சூழலிலிருந்து விலகியிருக்க வேண்டும். சென்ற இடம் விரிந்ததாகவும் ஒழுங்கு கொண்டதாகவும் இருக்க வேண்டும். அங்கே நாம் செய்ய விரும்புவதற்கு இடம் இருக்க வேண்டும். மனதை மெல்ல ஈர்க்கிற ஏதாவது இருக்க வேண்டும்.

நான்காவதில்தான் குற்றாலம் சுவையான இடமாகிறது. பேரருவியின் கீழே நிற்பது மெல்லிய ஈர்ப்பே அல்ல. தோளில் தண்ணீர் அறைகிறது, காது அடைக்கிறது, மூச்சு வாங்குகிறது. முன்னால் நிற்கும் ஆளைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. குளிர்ந்த நீர் உடலில் சட்டென்று விழும்போது மூச்சு திணறி, இதயத் துடிப்பு கூடி, உடல் முழுக்க விழிப்பு நிலைக்கு வருகிறது. அங்கே மனம் வேறெங்கும் போகாததற்குக் காரணம் வேறெங்கும் போக இடமில்லாததுதான். கவலைகளை ஒரே அடியில் துண்டித்துவிடுவதற்கு அது மிக நல்ல வழி. ஆனால் களைத்துப்போன கவனத்தை நிரப்பிக் கொடுப்பது அந்தப் பத்து நிமிடம் அல்ல என்றே நான் கருதுகிறேன். அதை அதற்குப் பிறகு வரும் மூன்று மணி நேரம் செய்கிறது. தலை காயாமல், பசியாற உண்டு, தாழ்வாரத்தில் உட்கார்ந்து சாரலைப் பார்க்கிற நேரம் அது. மேகம் மலையை மறைக்கிறது, விலகுகிறது. ஓட்டின் விளிம்பில் நீர்த்துளி சேர்கிறது, விழுகிறது. பார்க்கத் தூண்டுகிறதே தவிர, பார்த்தே ஆக வேண்டும் என்று எதுவும் கட்டாயப்படுத்துவதில்லை. இடையில் பேசலாம், பேசாமலும் இருக்கலாம். கப்லான்கள் மென்மையான ஈர்ப்பு என்று சொன்னது இதைத்தான். சீசன் கூட்டத்தில் அருவிக்கு மட்டும் ஓடி ஓடிக் குளித்துவிட்டு, சாரலை வண்டிக் கண்ணாடி வழியாக மட்டும் பார்த்துத் திரும்புகிறவர்கள் குற்றாலத்தின் பெரிய பங்கை விட்டுவிட்டுப் போகிறார்கள்.

இந்தக் கொள்கையைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். மார்க் பெர்மன், ஜான் ஜோனிடஸ், ஸ்டீபன் கப்லான் மூவரும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களுக்கு எண்களைச் சொல்லி அவற்றைப் பின்னிருந்து முன்னாகத் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். பிறகு ஏறக்குறைய ஒரு மணி நேரம் நடக்கவைத்தார்கள். ஒரு முறை ஆன் ஆர்பர் நகரின் மரத்தோட்டத்தில், ஒரு முறை அதே நகரின் கடைவீதியில். திரும்பி வந்து மறுபடி எண் சோதனை. தோட்டத்தில் நடந்தபின் முன்னைவிடத் தெளிவான முன்னேற்றத்தோடு எண்களைச் சொன்னார்கள். கடைவீதி நடை அந்தப் பயனைத் தரவில்லை. மனநிலை எவ்வளவு மகிழ்ச்சியாக மாறியது என்பதற்கும் இந்த மேம்பாட்டுக்கும் நேரடித் தொடர்பு இல்லை என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. வேடிக்கையும் கொண்டாட்டமும் ஒரு பக்கம். கவனத்துக்குக் கிடைக்கிற ஓய்வு அதிலிருந்து வேறான ஒரு சங்கதி.

ஒலியின் பங்கையும் சொல்ல வேண்டும். இயற்கை ஒலிகளைப் பற்றி ரேச்சல் பக்ஸ்டன் குழுவினர் 2021இல் வெளியிட்ட தொகுப்பாய்வில், நல்ல மனநிலைக்கு மிகவும் துணைசெய்த ஒலி நீரின் ஒலி. மன அழுத்தத்தைத் தணிப்பதில் பறவைகளின் ஒலி முந்தியது. அருவியின் இரைச்சலில் தாழ்ந்த அதிர்வெண்ணிலிருந்து உயர்ந்த அதிர்வெண் வரை எல்லாம் கலந்திருப்பதால் அது மற்ற சத்தங்களை விழுங்கிவிடுகிறது. போன் அடிப்பதும் ஆரன் அடிப்பதும் கேட்காது. போனே கையில் இருக்காது என்பது இன்னும் பெரிய விஷயம். நனைந்துவிடும் என்று ஒரு பையில் போட்டு, யாராவது ஒருவரிடம் கொடுத்துவிட்டுத்தான் எல்லோரும் அருவிக்குள் போகிறோம். மருத்துவரோ ஆசிரியரோ சொல்லியும் நடக்காததை ஈரம் நடத்திவைக்கிறது.

அந்தப் பையைப் பார்த்துக்கொள்பவர் பெரும்பாலும் அம்மா. அல்லது பாட்டி. இதைக் கடந்துபோக மனம் வரவில்லை. முந்தின இரவு புளியோதரை கட்டியவர், யாருக்கு எந்த உடை என்று எடுத்துவைத்தவர், சின்னவனுக்குச் சளி பிடிக்குமோ என்று கணக்குப் போட்டவர் எல்லாம் அதே ஆள்தான். எல்லோருக்கும் ஓய்வு கொடுத்த பயணத்தில் அவருடைய முயற்சிக் கவனம் ஒரு நிமிடம்கூட அணைவதில்லை. 2019இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நாடு முழுவதும் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு இதற்கு எண் கொடுத்திருக்கிறது. ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் 81.2 சதவீதம், ஆண்கள் 26.1 சதவீதம். ஈடுபட்டவர்களில் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிட்டார்கள், ஆண்கள் 97 நிமிடம். நேரம் ஒதுக்கிச் செய்யும் வேலை மட்டுமே இந்த எண்ணில் இருக்கிறது. கேஸ் எப்போது தீரும், பள்ளியில் கையெழுத்து கேட்ட தாள் எங்கே என்று மனம் சுமக்கிற வேலை இதில் இல்லை. வீட்டில் மனதோடு இருப்பது பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் இந்தச் சுமையைப் பங்கிட வேண்டும். மூன்று வேளையும் அடுத்த வேளையை யோசித்துக்கொண்டிருக்க வேண்டியவரிடம் "இந்த நொடியில் இரு" என்று சொல்வது நியாயமே இல்லை.

வீட்டுக்கு வருவோம். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மாத்யூ கில்லிங்ஸ்வொர்த், டேனியல் கில்பர்ட் இருவரும் 2010இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். 2,250 பேரின் ஐபோன்களில் நாளின் எந்த நேரத்திலாவது கேள்வி வரும். இப்போது என்ன செய்கிறீர்கள், அதைத்தான் நினைக்கிறீர்களா, எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கிறீர்கள் என்பவை கேள்விகள். கேட்ட நேரங்களில் 46.9 சதவீதத்தில் மனம் கையில் இருந்த காரியத்தில் இல்லை. எந்தக் காரியத்தில் இருந்தார்கள் என்பதைவிட, மனம் அதில் இருந்ததா இல்லையா என்பதே மகிழ்ச்சியை அதிகம் கணித்தது. இனிமையான ஒன்றை நினைத்து அலைந்த மனமும்கூட, கையில் இருக்கும் காரியத்தில் இருந்த மனத்தைவிடக் கூடுதல் மகிழ்ச்சியோடு இல்லை.

நம் மனம் அலைவது நமக்கு மட்டும் நேர்கிற இழப்பு என்றால் இதை விட்டுவிடலாம். எதிரே குழந்தை இருக்கிறது. எட்வர்ட் ட்ரோனிக் என்னும் அமெரிக்க உளவியலாளர் 1970களில் செய்த சோதனையை ஒரு முறை அறிந்தவர்கள் மறக்க மாட்டார்கள். சில மாதக் குழந்தையோடு தாய் சிரித்து விளையாடுகிறார். பிறகு ஆய்வாளர் சொன்னபடி, எதிரிலேயே உட்கார்ந்து முகத்தில் எந்த உணர்வும் காட்டாமல் குழந்தையைப் பார்க்கிறார். குழந்தை சிரித்துக் காட்டுகிறது. கையை நீட்டுகிறது. குரல் கொடுக்கிறது. எதற்கும் பதில் இல்லை என்றதும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது, கடைசியில் துவண்டுபோகிறது. தாய் எங்கும் போகவில்லை, ஒரு கை தூரத்தில்தான் இருந்தார். பின்னாளில் தாயின் கையில் கைபேசியைக் கொடுத்தும் இதே வகைச் சோதனை நடந்தது. அப்போதும் குழந்தைகளின் மகிழ்ச்சி குறைந்து வருத்தம் கூடியது. இதைப் படித்துக் குற்ற உணர்வு கொள்ள வேண்டாம். தாயும் சேயும் எல்லா நேரமும் ஒத்திசைந்து இருப்பதில்லை என்பதையும் ட்ரோனிக்கே காட்டினார். அறுந்த தொடர்பை மறுபடி கட்டுவதுதான் குழந்தைக்கு நம்பிக்கை தருகிறது. போனை வைத்துவிட்டு "என்ன சொன்னே, திரும்பச் சொல்லு" என்று கேட்கிற ஒரு வாக்கியத்தின் பயன் பெரிது.

பெரியவர்களிடமும் சோதித்தார்கள். கனடாவின் வான்கூவரில் ஒரு உணவகத்தில் நண்பர்களோடும் குடும்பத்தோடும் சாப்பிட வந்த 300க்கும் மேற்பட்டவர்களில் சிலரைப் போனை மேசைமேல் வைக்கச் சொன்னார்கள், சிலரை எடுத்து வைத்துவிடச் சொன்னார்கள். 2018இல் வெளிவந்த முடிவின்படி, போன் மேசையில் இருந்தவர்களின் கவனம் அதிகம் சிதறியது, அந்த வேளையை அவர்கள் ரசித்தது குறைந்தது. வேறுபாடு மலையளவு இல்லை. ஆனால் ஒரு குடும்பம் சேர்ந்து உண்ணும் வேளைகள் ஆண்டுக்கு நூற்றுக்கணக்கில் வருகின்றன.

இத்தனையும் தெரிந்தும் வீட்டில் ஏன் முடிவதில்லை? மூளையின் அடிப்படை இயல்பு ஒன்று இங்கே வேலை செய்கிறது. குற்றாலத்துக்கு வரும்போது நீங்களே சோதித்துப் பார்க்கலாம். பேரருவிக்கு எதிரே, சற்றுத் தள்ளி நின்றுகொண்டு, விழும் நீரின் நடுவில் ஒரே இடத்தைக் கண் அசைக்காமல் ஒரு நிமிடம் பாருங்கள். பிறகு பார்வையைப் பக்கத்துப் பாறைக்கு மாற்றுங்கள். பாறை மேலே மேலே நகர்வதாகத் தெரியும். 1834இல் ஸ்காட்லாந்தின் ஃபோயர்ஸ் அருவியில் ராபர்ட் ஆடம்ஸ் என்பவர் இதைக் கண்டு எழுதிவைத்தார். கீழ்நோக்கிய அசைவுக்கென்று மூளையில் தனி நரம்பணுக்கள் உண்டு, மேல்நோக்கிய அசைவுக்கும் தனியாக உண்டு. ஒரே அசைவைத் தொடர்ந்து பார்க்கும்போது கீழ்நோக்கியவை பழகி, தங்கள் குரலைத் தாழ்த்திக்கொள்கின்றன. பாறையைப் பார்க்கும்போது எதிர்த் தரப்பின் குரல் ஓங்கித் தெரிகிறது, சில விநாடிகளில் அதுவும் அடங்கிவிடுகிறது. மாறாமல் இருப்பதை மூளை பதிவு செய்வதைக் குறைத்துக்கொள்ளும். மாறுவதற்காகத் தன் சக்தியைச் சேமித்துக்கொள்ளும்.

உறவுகளுக்கும் இதன் ஒரு வடிவம் உண்டு. தினம் பார்க்கும் முகத்தை நாம் பார்ப்பதில்லை. மேலகரத்திலேயே அதற்குச் சான்று இருக்கிறது. ஊர் ஊராக இருந்து மக்கள் தேடி வருகிற அருவி கூப்பிடு தூரத்தில் இருக்க, சீசன் முழுக்க ஒரு நாளும் குளிக்கப் போகாத உள்ளூர்க்காரர்கள் இங்கே ஏராளம். விருந்தாளி வந்தால் அழைத்துப் போவார்கள், அன்று அவர்களும் குளிப்பார்கள், "நல்லாத்தான்யா இருக்கு" என்பார்கள். பயணம் நமக்குச் செய்வதும் இதையே. வேறொரு தாழ்வாரத்தில், வேறொரு வெளிச்சத்தில் பார்க்கும்போது மகன் எவ்வளவு உயர்ந்துவிட்டான் என்பது திடீரென்று தெரிகிறது.

ஆனால் பழகிப்போவதை வெல்லவே முடியாது என்றும் நினைக்க வேண்டாம். அதற்கும் மேலகரமே சாட்சி. குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் இந்த ஊர்க்காரர். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்தவர். அவருக்கு மதுரை நாயக்க மன்னர் முத்து விஜயரங்க சொக்கநாதர் நிலம் கொடுத்தார், அந்த நிலத்துக்குக் குறவஞ்சி மேடு என்றே பெயர் வந்தது. அந்த மலையின் குரங்கையும் மழையையும் தேனையும் அருவித் திவலையையும் அத்தனை நுட்பமாகப் பார்த்தவர் சுற்றுலா வந்தவர் அல்ல, தினமும் அதன் அடிவாரத்தில் கண்விழித்தவர். தமிழ்க் கவிதை ரசனைக்குப் பெயர்பெற்ற ரசிகமணி டி.கே.சி. தம் கடைசிக் காலத்தைக் குற்றாலத்தில் கழித்தார், 1954இல் மறையும்வரை. ராஜாஜியும் கல்கியும் அவரைத் தேடி வந்து தங்கினார்கள். அருவிக் குளியல், பிறகு சாப்பாடு, பிறகு ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு நிதானமாக ரசிப்பது என்று அங்கே நாள் போனது. பழகிய இடத்தையும் பழகிய பாட்டையும் மறுபடி புதிதாகப் பார்க்க மனிதனால் முடியும். அதற்கு அவசரமில்லாத நேரமும், விரும்பித் திருப்புகிற கவனமும் வேண்டும்.

பயணத்தின் பயன் எவ்வளவு நாள் நிற்கும் என்பதையும் அளந்திருக்கிறார்கள். நெதர்லாந்தில் ஜெசிகா டி ப்ளூம் குழுவினர் 2009இல் முந்தைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், விடுமுறை உடல்நலத்துக்கும் மனநலத்துக்கும் நல்லது செய்கிறது. ஆனால் வேலைக்குத் திரும்பிய இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் அது கரைந்துவிடுகிறது. அடுத்த ஆண்டு யெரோன் நவைன் குழுவினர் 1,530 டச்சுக்காரர்களிடம் செய்த ஆய்வு இன்னும் கூர்மையான முடிவைத் தந்தது. அவர்களில் 974 பேர் பயணம் போனவர்கள். பயணம் போகாதவர்களைவிட இவர்கள் போவதற்கு முன்பு கூடுதல் மகிழ்ச்சியோடு இருந்தார்கள். திரும்பிய பிறகு பெரும்பாலோருக்கு வேறுபாடே இல்லை. 'மிக நிம்மதியான பயணம்' என்று சொன்னவர்களுக்கு மட்டும் மகிழ்ச்சி சிறிது காலம் கூடவே வந்தது. ஓரளவு நிம்மதியான பயணம் போனவர்களுக்கு அதுகூட இல்லை.

இதை வைத்து நம் வழக்கமான குற்றாலப் பயணத்தைப் பாருங்கள். விடியற்காலை புறப்பாடு, காலையில் பேரருவி, பதினோரு மணிக்கு ஐந்தருவி, மதியம் பழைய குற்றாலம், இடையில் பண்பொழி திருமலைக் கோவில், இரவு பிரானூர் பார்டரில் பரோட்டா, நள்ளிரவில் வீடு. ஒன்றையும் விடவில்லை என்ற திருப்தி கிடைக்கும். ஓய்வு கிடைக்காது. வண்டி ஓட்டியவருக்கும் குழந்தைகளைக் கட்டிமேய்த்தவருக்கும் கவனம் முன்னைவிட அதிகமாகவே களைத்திருக்கும்.

அப்படியானால் சாரல் இல்லாத ஊரில், சாதாரணச் செவ்வாய்க்கிழமை இரவில் என்ன செய்வது? குற்றாலத்தில் எது நம்மை மாற்றியதோ அதை எடுத்துக்கொள்ள வேண்டும். போன் வேறொருவர் பையில் இருந்தது. அடுத்த காரியம் என்று ஒன்று இல்லை. எல்லோரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து ஒன்றையே பார்த்தோம். இந்த மூன்றுக்கும் அருவி தேவையில்லை.

முதலாவது எளிது. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆட்ரியன் வார்டு குழு 2017இல் வெளியிட்ட சோதனையில், போனை மேசையில் கவிழ்த்து வைத்தவர்களைவிட வேறு அறையில் விட்டுவந்தவர்கள் நினைவாற்றல் சோதனையில் நன்றாகச் செய்தார்கள். பிறகு வந்த ஆய்வுகள் எல்லாம் இதே அளவு விளைவைக் காட்டவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் வேறு அறையில் இருக்கும் போனை எடுக்க எழுந்து நடக்க வேண்டும், அந்த நடை பல முறை நம்மைத் தடுத்துவிடும் என்பதற்கு ஆய்வே தேவையில்லை. இரண்டாவது கடினம். ஒரு வேலையை முடிக்காமல் அடுத்ததற்குப் போனால், கவனத்தின் ஒரு பகுதி முதல் வேலையிலேயே தங்கிவிடுகிறது என்று சோஃபி லெராய் 2009இல் காட்டினார். அலுவலகத்திலிருந்தோ கடையிலிருந்தோ கிளம்பும் முன், பாதியில் நிற்கும் வேலையை நாளை எங்கே தொடர வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிவைத்துவிட்டு வந்தால் மனம் அதை விடுவதற்கு ஒரு காரணம் கிடைக்கிறது. ஜெர்மானிய உளவியலாளர் சபீன் சோனன்டாக் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவருவதும் இதைப் பற்றியே. வேலை நேரம் முடிந்தபின் மனதாலும் வேலையை விட்டு விலகுகிறவர்களே மறுநாளுக்குப் புத்துணர்ச்சியோடு எழுகிறார்கள். மூன்றாவதற்கு, சேர்ந்து உட்கார்கிற ஒரு வேளை போதும். அது இரவு உணவாக இருக்கலாம், மொட்டை மாடியாக இருக்கலாம், வாசல்படியாக இருக்கலாம்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற முயன்றால் இரண்டாம் வாரத்தில் பயணத்தின் மகிழ்ச்சியோடு அதுவும் போய்விடும். லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் ஃபிலிப்பா லாலி குழு 2010இல் வெளியிட்ட ஆய்வில், 96 பேர் ஒரு சிறிய புதுப் பழக்கத்தைத் தினமும் ஒரே தருணத்தோடு சேர்த்துச் செய்தார்கள். அது தானாக நடக்கிற நிலைக்கு வர நடுவண் கணக்கில் 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் வரை போகும் என்றும் கணிக்கப்பட்டது. ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் குலையவில்லை. அதாவது, பயணத்தின் மகிழ்ச்சி நிற்கிற காலத்தைவிடப் பழக்கம் வேர்பிடிக்க ஆகும் காலம் நீண்டது. குற்றாலத்திலிருந்து வந்த வாரத்தில் மனம் இளகியிருக்கும்போதே தொடங்கிவிட்டால், மகிழ்ச்சி கரைகிற நாள்களையும் தாண்டிக் கொண்டுபோகக் கொஞ்சம் வேகம் கிடைக்கும்.

ஆகவே இந்த சீசனுக்கு மேலகரம் வழியாக வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முடிந்தால் இரண்டு இரவாவது தங்குங்கள். அருவிகளில் இரண்டை விட்டுவிட்டு, ஒரு மதியம் முழுவதும் தாழ்வாரத்தில் சாரலைப் பாருங்கள். அருவியில் குளிக்கத் தடை என்று அறிவித்துவிட்டார்களென்றால் வந்தது வீணாகிவிட்டதே என்று குமுறாதீர்கள், தாழ்வாரமும் சாரலும் அப்படியேதான் இருக்கும். பையை ஒரு முறையாவது அப்பா பார்த்துக்கொள்ள, அம்மாவும் பாட்டியும் அவசரமில்லாமல் குளித்து வரட்டும். ஊர் திரும்பிய முதல் இரவே, சாப்பிட உட்காரும் முன் வீட்டில் உள்ள எல்லாப் போன்களையும் அடுத்த அறையில் வையுங்கள். பரிமாறுவதை அன்று வேறு யாராவது செய்யுங்கள். அந்த அரை மணி நேரத்தை மட்டும் 66 நாள் காப்பாற்றுங்கள்.